கொசுறு நாள்

என் அண்ணியின் வீட்டில் மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன. மூன்றும் பொய் சொல்லும். கூடத்துக் கடிகாரம் கொஞ்சம் வேகம். சமையலறைக் கடிகாரம் அதைவிட வேகம். குளியலறைக்கு வெளியே மாட்டியிருக்கும் சின்னக் கடிகாரத்தை நம்பினால் இன்றைக்கே நாளைக்குப் போய்விடலாம்.

சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, தோளில் ஒரு பையோடு நான் அவர்கள் வீட்டில் வந்து இறங்கிய மறுநாள் காலை, வேலை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, ஈரக் கூந்தலைக்கூடச் சரியாகத் துவட்டாமல் ஓடினேன். அங்கே காவலாளி அப்போதுதான் பூட்டுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து சண்டைக்குப் போனேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நான் எப்பவும் லேட்டுன்னு உன் அண்ணி கடிகாரத்தை முன்னால தள்ளி வெச்சா. அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு, மனசுக்குள்ள கழிச்சுக்கிட்டேன். நான் கழிக்கிறேன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இன்னும் தள்ளி வெச்சா. இப்ப இந்த வீட்ல யாருக்கும் மணி தெரியாது."

"ஆனா யாரும் லேட்டா போறதில்லையே. அது போதும்" என்றாள் அண்ணி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரு செருப்பை மாட்டிவிட்டு, மற்றொன்றை மாட்டாமல் அப்படியே இருந்தாள். அலைபேசியைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். திரை அணைந்திருந்தது.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் அவர்கள் மகளின் அறையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். என் பையை அந்த அறைக் கதவுக்குப் பக்கத்திலேயே, பிரிக்காமல் வைத்திருந்தேன். அண்ணி எனக்கு 'ஊர்சுத்தி' என்று பெயர் வைத்தது அதைப் பார்த்துத்தான். "பையைப் பிரிச்சா காலு ஒட்டிக்கும்னு பயமா, ஊர்சுத்தி?" என்று கேட்டுவிட்டுப் போவாள். பதிலுக்கு நிற்க மாட்டாள். அவளுக்கு எதற்கும் நிற்க நேரமில்லை.

அண்ணிக்கு வேலை, ஊருக்கு வெளியே இருக்கும் வாஷிங் மெஷின் தொழிற்சாலையில். பொருள் திட்டமிடல் அலுவலர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கும். அண்ணன் அதை 'இல்லாததைத் தேடுற உத்தியோகம்' என்பான். ஒரு வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டால் நூற்றுக்கணக்கான உருப்படிகள் இருக்குமாம். தகரம், மோட்டார், கண்ணாடிக் கதவு, ரப்பர் வளையம், ஒயர், திருகாணி, ஒட்டுகிற ஸ்டிக்கர் வரைக்கும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலிருந்து வரும். சிலது பக்கத்துத் தெருவிலிருந்து, சிலது கடல் தாண்டி. அத்தனையும் சொன்ன நாளில், மெஷினைப் பூட்டுகிற லைனுக்கு வந்து சேர வேண்டும். சீக்கிரம் வந்தால் வைக்க இடமில்லை என்று கிடங்குக்காரர் கத்துவார். தாமதமானால் லைன் நின்றுவிடும். மோட்டார் மலைபோலக் குவிந்திருந்தாலும் ஒரு ரப்பர் வளையம் இல்லையென்றால் மெஷின் இல்லை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பதைத் தினமும் காலையில் ஒரு கூட்டம் போட்டுப் பேசுகிற இடம் அது.

அந்த நாற்காலிக்கு அவள் விரும்பிப் போகவில்லை. படிப்பு முடித்த கையோடு கிடங்கில் ரசீதுகளைக் கணினியில் ஏற்றுகிற வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது திட்டமிடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் மதியம் சாப்பிடப் போனார். திரும்பி வரவேயில்லை. மேசைமேல் மூக்குக் கண்ணாடியைக்கூட விட்டுவிட்டுப் போயிருந்தார். "தற்காலிகமா நீ பாத்துக்கம்மா" என்றார்கள். அந்தத் தற்காலிகத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்து கல்லூரிக்குப் போனாள், கண்ணாடியும் வந்தது.

சேர்ந்த புதிதில் ஒருமுறை லைன் நின்றது. ஒரு ரப்பர் வளையம் வரவில்லை. சொன்ன தேதியை அப்படியே நம்பிவிட்டாள். அன்றைக்கு அவள் அலுவலக அறையிலிருந்து கிடங்குக்குப் போக லைனைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. பெல்ட் நின்றுபோய், இரண்டு பக்கமும் ஆட்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடக்க நடக்கத் தலைகள் மட்டும் அவளோடு திரும்பின. "திட்டியிருந்தா மறந்திருப்பேன்" என்று என்னிடம் சொன்னாள். "சத்தமே இல்லாம ஒரு ஃபேக்டரி இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது."

அதற்குப் பிறகுதான் கொசுறு ஆரம்பித்தது.

காய்கறி நிறுத்து வாங்கிய பிறகு கையை நீட்டிக் கொசுறு கேட்போமே, அதுதான். அலுவலகத்தில் அதற்குப் பஃபர் என்று பெயர். அண்ணிக்குக் கொசுறுதான். அடுத்த திங்கட்கிழமை தேவைப்படுகிற பொருளை இந்தத் திங்கட்கிழமை வேண்டும் என்பாள். கொடுப்பவர்களும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அண்ணியின் திங்கட்கிழமை என்றால் எது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. விற்பனைப் பிரிவு தனக்கு வேண்டிய மெஷின் எண்ணிக்கையில் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். உற்பத்திப் பிரிவு தன்னால் முடிவதில் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். நடுவில் அண்ணி எல்லாருடைய கொசுறையும் பிரித்தெடுத்து, தன் கொசுறைச் சேர்த்துக் கணினிக்குக் கொடுப்பாள். எல்லாரும் பொய் சொன்னார்கள். மெஷின்கள் சரியான நாளில் லாரி ஏறின.

ஆனால் அவளைப் பார்த்தால் ஓர் ஆள் செய்கிற வேலை மாதிரி தெரியவில்லை. சாப்பிடும்போது ஒரு கையில் போன். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே ஸ்டூலில் போன். எங்கோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கும், எங்கோ ஒரு லாரி ஓட்டுநர் போனை எடுக்க மாட்டார், எல்லாம் அவளுடைய இடது காதுக்குத்தான் வந்து சேரும். வீடு மூன்றாவது மாடியில். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, போனைப் பார்ப்பதுபோல் பார்த்து, பிறகு ஏறுவாள். ஒருநாள் பின்னாலேயே வந்தேன். சுவரைப் பிடித்திருந்த கை வெளுத்து, நகக்கண்கூடச் சிவப்பில்லாமல் இருந்தது.

"என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?"

"லிஃப்ட் சரியில்ல" என்றாள். அந்தக் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.

விஷயத்தை அண்ணன் சொன்னான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயிற்சிக் காரில் அவன் உட்காரும் பக்கத்தில் ஒரு பிரேக் தனியாக இருக்கும். மாணவர் யாரும் இல்லாத ஒரு மதியம் என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கர்ப்பப்பையில கட்டி. ஆபத்தான கட்டி இல்ல. ஆனா ரத்தம் நிக்காம போகுது. எடுத்துடணும்னு டாக்டர் சொல்லி எத்தனையோ மாசம் ஆச்சு. ரெண்டு தடவை தேதி குறிச்சாச்சு. முதல் தடவை கன்டெய்னர் துறைமுகத்துல மாட்டிக்கிச்சுன்னு தள்ளிட்டா. அடுத்த தடவை கிடங்குல சரக்கு எண்ணுற வாரம்னு தள்ளிட்டா."

"நீ சொல்லக் கூடாதா?"

"சொல்லாமலா? நீ ஓட்டுற கார்லகூட எனக்கு ஒரு பிரேக் இருக்கு. உன் அண்ணி ஓட்டுற வண்டியில இந்தப் பக்கம் பிரேக்கே வைக்கல." சொல்லிக்கொண்டே அந்தப் பிரேக்கை மிதித்தான். எனக்கு முன்னால் ஒரு சைக்கிள் வந்ததை நான் கவனிக்கவில்லை. "ரோட்டைப் பாரு, ஊர்சுத்தி."

மூன்றாவது தேதி அடுத்த மாத நடுவில் ஒரு வியாழக்கிழமைக்குக் குறிக்கப்பட்டிருந்தது. புதன் மாலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அண்ணன் இதைச் சொன்ன அன்றிரவு, பாத்திரம் கழுவும்போது அண்ணியிடம் கேட்டேன்.

"இந்தத் தடவை போவீங்கல்ல?"

"போகாம?"

"ரெண்டு தடவை போகலையே."

"ஏய், டாக்டரும் மனுஷங்கதான. இந்தத் தேதிக்குள்ள செய்யணும்னு சொன்னா, உள்ள கொஞ்சம் கொசுறு வெச்சுத்தான் சொல்லியிருப்பாங்க. நிஜத் தேதியை யாராவது வெளிய சொல்வாங்களா?"

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தட்டைத் துடைத்து அடுக்கிக்கொண்டே, பிழைப்பில் கற்றதை அப்படியே உடம்புக்கும் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் இந்த முறை அவள் உண்மையாகவே தயாரானாள். தான் இல்லாத நாட்களுக்குப் பொருள் குறையக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். கிடங்குக்காரரிடம் கெஞ்சி இடம் வாங்கினாள். கண்ணாடிக் கதவு வந்தது. மோட்டார் வந்தது. ரப்பர் வளையம் வேண்டிய அளவுக்கு மேலேயே வந்தது. ஒன்றுதான் பாக்கி. மெஷினுக்குள் துணி சுழலும் தொட்டியைத் தாங்கித் தொங்கவிடும் ஸ்பிரிங். அதைச் செய்து கொடுப்பவருக்குக் கம்பி தாமதமாகத்தான் கிடைத்தது. கையில் இருக்கும் ஸ்பிரிங் அந்த வியாழன் மாலை தீர்ந்துவிடும்.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் கூடத்தில் உட்கார்ந்து ஸ்பிரிங்காரருக்குப் போன் போட்டாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. பட்டறையில் பேசிப் பழகிய தொண்டை.

"அண்ணே, திங்கட்கிழமை வேணும்."

"ஆகட்டும் மேடம்."

"இது நிஜத் தேதி."

"உங்க தேதி எல்லாமே நிஜந்தான மேடம்!"

"விளையாடாதீங்க. இது நிஜமாவே நிஜம்."

"புரியுது மேடம், நல்லாப் புரியுது." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். கட்டி, கர்ப்பப்பை என்றெல்லாம் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தேதியை மட்டும் இன்னொரு முறை குறுஞ்செய்தியாக அனுப்பினாள்.

திங்கள் வந்தது, ஸ்பிரிங் வரவில்லை. செவ்வாயும் அப்படியே. "ஆகிட்டே இருக்கு மேடம்" என்றார் அவர். புதன் காலை அண்ணி விடுப்பு போட்டிருந்தாள், ஆஸ்பத்திரிக்குப் பையை அடுக்குவதற்காக. பையை அடுக்காமல் என்னிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தாள்.

"எங்க?"

"பட்டறைக்கு. எனக்கு ஓட்டினா தலை சுத்துது."

பட்டறை ஒரு சந்தின் கடைசியில், தகரக் கூரைக்கு அடியில் இருந்தது. உள்ளே கம்பிச் சுருள்கள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு மெஷின் ஒரு பக்கம் கம்பியை விழுங்கி, மறுபக்கம் ஸ்பிரிங்காகத் துப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் கூடையில் விழும்போது ஒரு சின்னத் துள்ளு. ஸ்பிரிங்காரர் கட்டம்போட்ட சட்டையும் காதுக்குப் பின்னால் பென்சிலுமாக வந்தார். அண்ணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது.

"அட, மேடமே நேர்ல! என்ன மேடம், ஸ்பிரிங்கைப் பெண் பார்க்க வந்தீங்களா?"

"அண்ணே, எங்க சரக்கு?"

"இதோ விழுந்துட்டிருக்கே. இன்னிக்குச் சுத்தி முடிச்சு, அடுப்புல வெச்சு, நாளைக்குப் பூச்சுக்குப் போயிடும். சனிக்கிழமை மத்தியானம் உங்க கேட்ல வண்டி நிக்கும்."

"திங்கட்கிழமைன்னு சொன்னேன்."

"சொன்னீங்க." அவர் பெருமையாகத் தலையாட்டினார். "உங்க திங்கட்கிழமை எனக்குச் சனிக்கிழமை மேடம். இத்தனை வருஷமா அதே கணக்குத்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னால உங்க லைன் நின்னிருக்கா? சொல்லுங்க."

"இந்தத் தடவை நிஜத் தேதின்னு சொன்னேன்ல அண்ணே."

"ஒவ்வொரு தடவையும் அதையேதான மேடம் சொல்றீங்க? இது நிஜம், இது கடைசி, இது தலை போற அவசரம்னு. நிஜம் எது, மத்தது எதுன்னு நான் எதை வெச்சுக் கண்டுபிடிக்கறது?"

அண்ணி பக்கத்திலிருந்த கம்பிச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டாள். என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"இவங்களுக்கு நாளைக்கு ஆபரேஷன். இன்னிக்குச் சாயங்காலம் சேரணும். அதுக்குத்தான் திங்கட்கிழமை கேட்டாங்க."

ஸ்பிரிங்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பார்த்தார். திரும்பக் காதிலேயே வைத்தார். "தேதியைச் சொன்னீங்க மேடம்" என்றார் மெதுவாக. "காரணத்தைச் சொல்லலையே."

"வெள்ளிக்கிழமை காலையிலயாவது கொஞ்சம் கிடைக்குமா?"

"என் கையில இருந்தா இப்பவே தூக்கிக் கொடுத்திருப்பேன். அடுப்புல வைக்காம கொடுத்தா நாலு துவையல்ல தளர்ந்துபோகும். பூச்சு இல்லைன்னா துருப்பிடிச்சுப் போகும். சட்டியில இருந்தாத்தான மேடம் அகப்பையில வரும்?"

அண்ணி போனை எடுத்தாள். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டரம்மாவின் எண் அது என்பது, குரலைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"டாக்டர், நாளைக்குப் பதிலா அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?"

"மறுபடியுமா? இந்தத் தடவை என்ன?"

"ஸ்பிரிங் வரல டாக்டர்."

"என்ன வரல?"

"ஸ்பிரிங். மெஷினுக்கு... அது இல்லைன்னா லைன் நின்னுடும். ஒரே ஒரு வாரம். நீங்க சொன்ன தேதியில கொஞ்சம் கொசுறு வெச்சுத்தான சொல்லியிருப்பீங்க?"

ஸ்பிரிங்காரர் போய் மெஷினை நிறுத்தினார். திடீரென்று பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. அண்ணி நிமிர்ந்து அதைப் பார்த்தாள்.

"இருந்துச்சு" என்றார் டாக்டரம்மா. கோபமில்லாத, களைத்த குரல். அன்றைக்கு எத்தனையாவது ஆளோ நாங்கள். "முதல் தடவை தேதி குறிச்சப்ப நிறையவே இருந்துச்சு. கன்டெய்னர்னு சொல்லிப் பாதியைச் சாப்பிட்டீங்க. சரக்கு எண்ணணும்னு மீதியையும் சாப்பிட்டீங்க. இப்ப உங்க ரத்தம் இருக்கற அளவுக்கு, இன்னும் ஒரு வாரம் தள்ளினா, முதல்ல ரத்தம் ஏத்திட்டுத்தான் நான் கத்தியைத் தொடணும். அதுக்கு நடுவுல நீங்க எங்கயாவது படியில விழுந்து வெச்சா, அப்ப குறிக்கிற தேதி என் கையில இருக்காது. சாயங்காலம் வந்து சேருங்கம்மா."

அண்ணி போனை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

"கையிருப்பு தீர்ந்துபோச்சு" என்றாள். காலைக் கூட்டத்தில் சொல்வதும் இதே குரலில்தான் இருக்கும்.

பிறகு மேனேஜருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்தாள்.

"சார், வெள்ளிக்கிழமை காலையில லைன் நிக்கும். ஸ்பிரிங் இல்ல. சனிக்கிழமை மத்தியானம் வரும். அன்னிக்கு வேற மாடல் ஏதாவது ஓட்ட முடியுமான்னு இப்பவே பாருங்க. எல்லாத்துக்கும் அதே ஸ்பிரிங்தான், ஆனாலும் பாருங்க."

மேனேஜர் சிரித்தார். "என்னம்மா நீங்க, லீவுல போறப்பவும் புலி வருது, புலி வருதுன்னுட்டு! மாசம் தவறாம நிக்கும் நிக்கும்னு சொல்றீங்க, எப்பவாவது நின்னிருக்கா? நீங்க எப்படியாவது கொண்டு வந்துடுவீங்க."

"இந்தத் தடவை நான் கொண்டு வரல சார். நான் ஆஸ்பத்திரியில இருப்பேன்."

சிரிப்பு நின்றது. "அதை ஒரு வாரம்..."

"முடியாது சார்."

"ரெண்டு நாளாவது?"

"முடியாது சார். வெள்ளிக்கிழமை நிக்கும்." போனை வைத்துவிட்டு, எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள். நான் நினைத்ததைவிட இலேசாக இருந்தாள்.

ஸ்பிரிங்காரர் பட்டறை வாசல் வரைக்கும் கூடவே வந்தார். ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "மெதுவா ஓட்டும்மா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். நாங்கள் சந்து முனையைத் தாண்டும் முன்பே பட்டறை மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அண்ணி என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பயிற்சிக் காரை அண்ணனே ஓட்டினான். அண்ணி முன் இருக்கையில், இரண்டாவது பிரேக் இருக்கும் பக்கம் உட்கார்ந்தாள். வழியில் இரண்டு முறை அதை மிதித்துவிட்டாள். அண்ணன் வண்டியை மறுபடி கிளப்பினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். அண்ணன் பார்க்க மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான்தான் பார்த்தேன். இத்தனை மாதமாக ஒருவர் ரத்தத்தைக் குடித்தது என்று சொல்ல முடியாதபடி சாதாரணமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவளுடைய போன் என் கையில் இருந்தது. மேனேஜர் கூப்பிட்டார்.

"அம்மா எழுந்தாச்சா?"

"தூங்கறாங்க சார்."

"நின்னுடுச்சும்மா" என்றார். திட்டவில்லை. நம்ப முடியாமல் சொன்னார். சூரியன் இன்றைக்கு வரவில்லை என்று சொல்கிற மாதிரி. "நிஜமாவே நின்னுடுச்சு."

மதியம் அண்ணி கண் விழித்தாள். உதடு காய்ந்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்தேன். வலிக்கிறதா என்று நான் கேட்பதற்குள் அவள் கேட்டாள்.

"நின்னுச்சா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வீட்டில் போதுமான அளவுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

"நின்னுச்சு அண்ணி."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். "ஆளுங்க என்ன பண்றாங்க?"

"லைனைத் துடைச்சு எண்ணெய் போடறாங்களாம். சில பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம்."

"கையைக் கட்டிட்டு நிக்கலையே?"

"தெரியல. கேக்கணுமா?"

"வேண்டாம்." சற்றுப் பொறுத்து, "நல்லவேளை, நான் நடந்து போகல" என்றாள்.

ஸ்பிரிங் சனிக்கிழமை மதியம் வந்தது, அவர் சொன்னபடியே. லைன் ஓடியது. அந்த ஒன்றரை நாள் மெஷின்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிச் சரிக்கட்டுவார்கள். ஊர் இடிந்து விழவில்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அவள் வீட்டுக்கு வந்த வாரமே, லைன் ஏன் நின்றது என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடி அதைப் படித்தாள்.

"நிக்காம ஓடின வருஷத்துக்கெல்லாம் ஏன் ஓடிச்சுன்னு யாரும் விளக்கம் கேக்கல" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "சரி, எழுதிக் கொடுக்கலாம். இன்னிக்கு முடியாது."

'இன்னிக்கு முடியாது' என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. அண்ணனும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். அவன்தான் இப்போது சமைத்துக்கொண்டிருந்தான். அவள் இல்லாத நாட்களில் மூன்று கடிகாரங்களையும் சரியான மணிக்குத் திருப்பி வைத்திருந்தான். அதன் பலனாக நாங்கள் இருவரும் எல்லா இடத்துக்கும் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தோம். வந்த அன்றைக்கே அண்ணி கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்தது. திருத்தச் சொல்லவில்லை. எழுந்து போய்த் திருத்த உடம்பில் தெம்பு இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

இன்னும் சில நாள் கழித்து ஒரு மதியம், ஸ்பிரிங்காரர் போன் செய்தார். போன் வழக்கம்போல என்னிடம்தான். அவளுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம் எப்படி இருக்காங்க?"

"பரவாயில்ல. சாப்பிடறாங்க, தூங்கறாங்க."

"தூங்கறாங்களா!" என்று வியந்தார். "சரிம்மா. எப்ப வேலைக்கு வர்றாங்க? இங்க மேடம் இல்லாம பேசறதுக்கே ஆளில்ல. மேடம் இடத்துல இருக்கற புது ஆளு நிஜத் தேதியை அப்படியே சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

அண்ணியின் வயிறு குலுங்கியது. சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். என்ன சொல்ல?

"டாக்டர் சொன்ன தேதியைச் சொல்லு" என்றாள், உதட்டசைவில்.

அடுத்த மாதம் முதல் வாரம், திங்கட்கிழமை என்று சொன்னேன்.

"திங்கட்கிழமை." அவர் அதை மனசுக்குள் போட்டுப் புரட்டுவது தெரிந்தது. பின்னால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "சரிம்மா. ஆனா மேடத்துக்கிட்ட சொல்லிடுங்க, நான் அதுல ஒரு வாரம் கூட்டியே வெச்சுக்கறேன். அதுவரைக்கும் உங்க ஃபேக்டரிக்கு வேண்டிய ஸ்பிரிங்கை முன்னாலயே அனுப்பிடறேன், யாரும் கேக்க வேண்டாம். மெதுவா வரட்டும்."

போனை வைத்தேன். அண்ணி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா? ஒரு வாரம் கொசுறாம்."

"கேட்டேன்."

அவள் ஏதாவது கணக்குப் போடுவாள், முன்னாலேயே அனுப்பினால் கிடங்கில் இடம் எங்கே என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ வயிற்றைப் பிடித்தபடி மெல்ல ஒருக்களித்துப் படுத்தாள். போர்வையை இழுத்துவிடச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"மணி என்ன?" என்று கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டே.

சொன்னேன்.

"நிஜ மணியா?"

"நிஜ மணிதான்."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் படுக்கலாம்" என்றாள்.